ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பது? மறதி நோய் உள்ள வீட்டுக்கு வெளியாள் உதவி

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று வருடமாக அல்சைமர். கும்பகோணத்தில் அம்மா (68) ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை, மூட்டுவலி. நான் ஓசூரில் இருக்கிறேன், அண்ணன் துபாயில். ஆள் வைக்கலாம் என்றால் அம்மா, "நான் உசிரோட இருக்கிறவரைக்கும் வெளியாளு எதுக்கு" என்கிறார். ஆள் வைப்பதா, ஹோமில் சேர்ப்பதா? எங்கே தேடுவது, எப்படி நம்புவது?

பதில்:

நான் 29 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள். என் மாமியாருக்கும் இதே நோய்தான். ஏழு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். வார்டில் ஒரே நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்த எனக்கு, வீட்டில் ஒரு ஆளைப் பார்க்க முடியாமல் போனது. முதல் இரண்டு வருடம் அதற்காக என்னையே நொந்துகொண்டேன். பிறகுதான் உறைத்தது. வார்டில் ராத்திரி எட்டு மணியானால் அடுத்த டியூட்டி சிஸ்டர் வந்து நிற்பார். ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் பஸ் ஏறிவிடலாம். வீட்டில் அடுத்த டியூட்டிக்கு யாரும் வருவதில்லை. உங்கள் அம்மா மூன்று வருடமாக ஒரே டியூட்டியில் இருக்கிறார். நீங்கள் தேட வேண்டியது அந்த அடுத்த டியூட்டியை. அது சம்பள ஆளாக இருக்கலாம், தெருக்காரர்களாக இருக்கலாம், மாதத்தில் இரண்டு நாள் நீங்களாகவும் இருக்கலாம்.

அதனால் "ஆளா, ஹோமா" என்பதை ஒரு வாரம் ஒத்திப்போடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் அம்மாவிடம் போனில் கேட்டு நீங்களே எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எவ்வளவு நேரம் இழுத்தது, அம்மா எப்போது சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் தூங்கினார். "எப்படிம்மா இருக்கே" என்று கேட்டால் "இருக்கேன்டா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தே?" என்று கேட்டால் கணக்கு வரும்.

ஒரு வாரம் ஆனதும் பாருங்கள், கஷ்டம் நாள் முழுக்கப் பரவி இருக்காது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் முட்டிக்கொள்ளும்: குளியல், பொழுது சாயும் நேரம், நடுராத்திரி. மூன்றுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் "24 மணி நேர ஆள்" என்று ஏஜென்சிக்குப் போன் போட்டுத்தான் பல வீடுகளில் பணமும் போகிறது, ஆளும் போய்விடுகிறார்.

குளியலுக்கு ஒரு மணி நேர ஆள் போதும். அப்பா குளிக்க மறுப்பதற்கு அவர் மனதில் காரணம் உண்டு. குளித்தாயிற்று என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார், அல்லது தலையில் தண்ணீர் விழுவது பயமாக இருக்கும், அல்லது தன் வேட்டியை இன்னொருவர் அவிழ்ப்பது அவமானமாக இருக்கும். ஈரத் தரையில், மூட்டுவலியோடு, தன்னைவிடக் கனமான மனிதரை அம்மா தாங்கிப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் விழுந்தால் உங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள். காலையில் ஒரு மணி நேரம் வந்துபோகும் ஆண் உதவியாளர், வாரத்துக்கு மூன்று நாள். மற்ற நாட்களில் வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டால் எந்தக் குறையும் வராது. தினமும் தலைக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் அம்மா விட வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் தடுமாற்றம் கூடுவது இந்த நோயின் குணம். சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார். இந்த நேரத்துக்கு நர்ஸ் எதற்கு? கூட நடக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்பாவோடு வேலை பார்த்த வாத்தியார் யாராவது ஊரில் இருந்தால், வாரத்தில் இரண்டு மாலை வரச் சொல்லுங்கள். பக்கத்தில் பி.எட். படிக்கும் பையன் இருந்தால் சிறு தொகை கொடுத்து, ஐந்தரை முதல் ஏழு வரை பேப்பர் படித்துக் காட்டி, ஒரு நடை கூட்டிப்போய் வரச் சொல்லுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மா படுத்துவிட வேண்டும். அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தால் அது ஓய்வில் சேராது.

ராத்திரிதான் பெரிய விஷயம். அப்பா இரண்டு மணிக்கு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று கிளம்புகிறவராக இருந்தால், அம்மாவைச் சாய்ப்பது அந்தத் தூக்கமின்மைதான். இங்கேதான் சம்பள ஆள் உண்மையில் தேவை. ஒரு கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்: வீட்டோடு தங்கும் ஆளும் மனிதர்தான், தூங்கித்தான் ஆக வேண்டும். பகல் முழுக்க வேலை வாங்கிவிட்டு ராத்திரியும் விழித்திரு என்றால் மூன்றாம் நாள் அவர் அசந்து தூங்குவார், அப்பா கதவைத் திறந்துகொண்டு போவார். பணத்துக்கு வசதி குறைவு என்றால் பகலை அம்மாவும் தெருவுமாகச் சமாளித்து, ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரைக்கு மட்டும் ஆள் வையுங்கள். இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு ஆள் வைக்கிற வசதி இல்லாத வீட்டில் அந்த ஒரு ஷிஃப்டே பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

ஆள் தேடும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று ராத்திரி விழிப்பு, கத்தல், இல்லாத ஆளோடு பேசுவது எல்லாம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அல்சைமர் மாதக்கணக்கில் மெல்ல இறங்குகிற நோய். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நாலு நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, பல்வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை இப்படி ஏதாவது இருக்கும். என் மாமியார் ஒரு வாரம் வீட்டையே இரண்டாக்கினார். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது, மருந்து கொடுத்த நாலாம் நாள் பழைய நிலைக்கு வந்தார். நர்ஸ் வீட்டிலேயே அது ஐந்து நாள் கழித்துத்தான் தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூக்க மாத்திரை பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். ராத்திரி ஆள் தான் தூங்குவதற்காக நோயாளிக்குச் சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். மறதிக்குக் கொடுக்கும் டொனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. தூக்கம் வரவைக்கும் பழைய ரகச் சளி, அலர்ஜி மாத்திரைகள் அதே வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. குழப்பம் கூடும், சிறுநீர் அடைக்கும், விழுந்து இடுப்பு எலும்பு முறியும். மனநலப் பிரிவில் எழுதிக்கொடுக்கும் சில மாத்திரைகளும் லேசானவை கிடையாது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் எச்சரிக்கை வெளியிட்டது. சில நேரம் அவை தேவைப்படும். டாக்டர் எழுதி, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. மாத்திரைப் பெட்டி அம்மாவின் பீரோவில் இருக்கட்டும், ஆளின் கையில் வேண்டாம்.

இனி அம்மா. அப்பாவைவிடச் சம்மதிக்க வைக்கக் கடினமான ஆள் அவர்தான். "வெளியாளு எதுக்கு" என்பதற்குள் நாலு விஷயம் இருக்கிறது. புருஷனைப் பார்க்க முடியாமல் ஆள் வைத்தாள் என்று ஊர் பேசும். வந்தவள் என் அடுப்பங்கரையில் கை வைப்பாள். அவர் உளறுவதை வெளியே போய்ச் சொல்வாள். அதோடு, இத்தனை நாள் நான் பார்த்தது போதவில்லையா என்ற காயம். இதில் எந்த ஒன்றுக்கும் "உன் உடம்பு கெட்டுப்போகும்மா" என்பது பதில் ஆகாது. தன் உடம்பைப் பற்றி அவர் கவலைப்படுகிறவராக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. என் அனுபவத்தில் எடுபட்டது வேறு பேச்சு: "நீ பத்து நாள் ஆஸ்பத்திரியில படுத்துட்டா அப்பா யார்கிட்ட சாப்பிடுவாரு? இப்பவே இன்னொரு கையிலயும் சாப்பிடப் பழகணும்." அவர் நலனுக்காகக் கேட்டால் மறுப்பார், அப்பாவுக்காகக் கேட்டால் யோசிப்பார்.

ஆளை எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது என்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். "உன்னைப் பார்த்துக்க ஆள் வந்திருக்கு" என்றால் அப்பா விரட்டுவார். நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. அதை மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள், அந்த அறிவையே நோய் எடுத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் வந்த பெண் முதல் இரண்டு வாரம் பூக் கட்ட வந்தவளாகத்தான் இருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து கதம்பம் கட்டுவார்கள். மூன்றாம் வாரம் மாமியாரே "தலை வாரி விடேன்" என்று திரும்பி உட்கார்ந்தார். உங்கள் அப்பா கணக்கு வாத்தியார் என்பது வரப்பிரசாதம். வருகிற பையன் "சார், நான் உங்ககிட்ட படிச்சவன், பரிட்சை வருது, கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்று ஒரு நோட்டோடு வரட்டும். வாய்ப்பாடு அவருக்கு இன்னும் நினைவிருக்கலாம். பொய்தானே என்று சிலர் சங்கடப்படுவார்கள். அவர் வாழ்கிற காலத்துக்குள் நாம் போய் நிற்கிறோம், அவ்வளவுதான் என்பது என் கட்சி.

இதெல்லாம் என் ஒருத்தியின் அனுபவம் என்று தோன்றினால் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் குழுவினர், அல்சைமர் வந்த துணையைப் பார்த்துக்கொண்டிருந்த 406 கணவன் மனைவியரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கூடுதலாகக் கொடுத்தது மருந்து எதுவும் இல்லை. இரண்டு முறை தனியாக உட்கார்ந்து பேச்சு, நாலு முறை பிள்ளைகள், உடன்பிறந்தவர்களையும் சேர்த்துவைத்துப் பேச்சு, பிறகு இதே நிலையில் இருப்பவர்களின் குழு, தேவைப்படும்போது போனில் ஆலோசனை. அந்த வீடுகளில் நோயாளியை இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை வருடம்! இன்னொன்று நம் நாட்டில், கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்து 2008-ல் வெளிவந்தது. அங்கே வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பள்ளிப் படிப்பை முடித்துப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு மாதத்தில், பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தேறியிருந்தது.

நியூயார்க்கில் நாலு முறை குடும்பத்தைக் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் அண்ணனும் அம்மாவும் வீடியோ காலில் ஒரு முறை இதை மட்டும் பேச உட்கார வேண்டும். துபாயில் இருப்பவரால் குளிக்க வைக்க முடியாது, ஆனால் ஆளின் சம்பளம், லீவு, மாற்று ஆள், ஏஜென்சியோடு சண்டை, மாத்திரை ஆர்டர் இத்தனையையும் அங்கிருந்தே செய்யலாம். சம்பளத்தை அம்மா கையால் கொடுக்க விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகையை எண்ணும்போது அவருக்கு மனசு கேட்காது, இரண்டாவது மாதம் ஆளை நிறுத்திவிடுவார். இன்னொன்று அண்ணனுக்கு: போனில் அம்மாவுக்கு யோசனை சொல்வதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் கொடு, வல்லாரை கொடு என்று தூரத்திலிருந்து சொல்வது எங்கள் வீட்டிலும் நடந்தது. என் நாத்தனார் நல்லவர்தான். ஆனாலும் அந்தப் போன் வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆளை எங்கே தேடுவது? சென்னை, கோவை என்றால் ஏஜென்சிகள் உண்டு. உங்கள் ஊரில் வாய்மொழிதான் நம்பகம். பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிக்குத் துணையாக இருந்து பழகியவர்கள், பிசியோதெரபி செய்பவர், அதே தெருவில் பக்கவாத நோயாளியைப் பார்த்த பெண், இவர்களிடம் விசாரியுங்கள். ஏஜென்சி என்றால் நாலு கேள்வி: சம்பளத்தில் ஆளின் கைக்கு எவ்வளவு போகிறது? ஆள் நின்றால் மாற்று ஆள் எத்தனை நாளில், முன்பணம் திரும்புமா? மாதம் எத்தனை நாள் லீவு, அன்றைக்கு யார்? மறதி நோயாளியை இதற்கு முன் பார்த்தவரா, அந்த வீட்டுப் போன் நம்பர் கிடைக்குமா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சியிலிருந்து வரும் ஆள் சீக்கிரம் போய்விடுவார். கமிஷன் போக அவர் கையில் ஒன்றும் நிற்காது. யார் வந்தாலும் ஆதார் நகல் வாங்கிக்கொண்டு காவல்துறைச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பியுங்கள், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே அந்த வசதி இருக்கிறது.

"ஹோம் நர்ஸ்" என்ற வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள். நர்ஸ் என்றால் இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம்., அல்லது நாலு வருட பி.எஸ்சி. படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர். வீட்டுக்கு வருபவர்களில் பலர் சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள், அல்லது எந்தப் பயிற்சியும் இல்லாத அனுபவசாலிகள். அதில் தப்பில்லை. உங்கள் அப்பாவின் இப்போதைய நிலைக்குப் பொறுமையான உதவியாளர் போதும். சிடுசிடுக்கிற நர்ஸைவிட அவரே மேல். மூக்கில் டியூப், சிறுநீர் டியூப், படுக்கைப்புண் என்று வரும்போதுதான் நர்ஸ் தேவை, அதுவும் வந்து போனால் போதும்.

முதல் பத்து நாள் நீங்கள் யாராவது கூட இருங்கள். வார்டில் ஒப்படைப்பதுபோல வீட்டிலும் ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள். நோயின் பெயர் அதில் ஒரு வரி போதும், மற்றதெல்லாம் மனிதரைப் பற்றி. "சார் என்று கூப்பிட வேண்டும். காப்பிக்குச் சர்க்கரை அரை ஸ்பூன், டம்ளர் சூடாக இருக்க வேண்டும். கையைப் பின்னாலிருந்து பிடிக்கக் கூடாது. சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டால் கோபம் வரும். அவருடைய தங்கை எங்கே என்று கேட்டால், இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டாம், ஊருக்குப் போயிருக்கிறார்." இந்தத் தாளை எழுத அம்மாவைத் தவிர யாராலும் முடியாது. எழுதும்போதே அவருக்குப் புரிந்துவிடும், ஆள் வந்தாலும் இந்த வீட்டில் மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ், தான்தான் என்று.

பேசக் கூச்சப்படும் சில விஷயங்கள் உண்டு. முதலாவது, திருட்டுப் பழி. "என் பணத்தை எடுத்துட்டான்" என்று அப்பா சொல்வது ஏறக்குறைய நிச்சயம். ஆள் வரும் முன்பே நகை, ரொக்கம், பத்திரம் எல்லாம் லாக்கருக்குப் போகட்டும். அப்படிச் சொல்வார் என்று ஆளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்தது, நம் பக்கத்தில் சாதி. வந்தவருக்குத் தனி டம்ளர், பின்வாசல் என்று நடத்தினால் பத்தாம் நாள் அவர் போய்விடுவார், போவதுதான் நியாயமும். நோய் முற்றும்போது நாக்கின் கட்டு அவிழும். வாழ்நாள் முழுக்க அடக்கிவைத்த வார்த்தைகள் அப்பா வாயிலிருந்து வரலாம். அப்போது ஆளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள். மூன்றாவது, ஆண் நோயாளிகள் பெண் உதவியாளரிடம் கண்ட இடத்தில் கை வைப்பது. இதுவும் நோயின் பகுதி, ஆனால் அந்தப் பெண் சகித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. உங்கள் அப்பாவுக்கு ஆண் ஆளே தேடுங்கள்.

காசில்லாத உதவி தெருவில் இருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்பது 2023-ல் வெளியான ஆய்வின் கணக்கு. உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற ரகசியம் இல்லை இது. ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, மருந்துக்கடை, கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, பால்காரர், இவர்களிடம் அப்பாவின் போட்டோவைக் காட்டி, "சாருக்கு ஞாபகம் தப்புது, தனியா பார்த்தா இந்த நம்பருக்கு அடிங்க" என்று நம்பரைக் கொடுத்து வையுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். என் மாமியார் இரண்டு முறை காணாமல் போனார். முதல் முறை நாங்கள் யாரிடமும் சொல்லி வைத்திருக்கவில்லை, ஆறு மணி நேரம் தேடினோம். இரண்டாம் முறை ஒரு ஆட்டோக்காரர் இருபது நிமிடத்தில் கொண்டுவந்து விட்டார், வழியில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து.

அரசு, தொண்டு அமைப்புகள் பக்கம் வந்தால்: 14567 முதியோருக்கான தேசிய உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். இரண்டிலும் தமிழில் பேசலாம். இரண்டாவது நம்பர் அப்பாவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ராத்திரி அழுகை வரும்போது அம்மாவே கூப்பிடலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவில் அப்பா பெயரில் ஒரு நோட்டு இருப்பது நல்லது. அப்பா படுக்கையில் விழுந்துவிட்டால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். சென்னைக்கு வர முடிந்தால் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய்க்கென்றே நடத்தும் டெம்கேர்ஸ் சேவை, கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இரண்டும் உண்டு. 1992-ல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது.

பணமும் பத்திரமும்: அப்பாவுக்கு இன்னும் தெளிவான நேரங்கள் இருந்தால், இந்த மாதமே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள். உயில் எழுதுவதாக இருந்தால் அன்றைய தேதியில் டாக்டரிடம் அவர் மனநிலைக்குச் சான்று வாங்கிக்கொண்டு எழுதட்டும். "பவர் (பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம்) வாங்கி வெச்சுட்டோம், போதும்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்தப் பவர் முடிந்துவிடும், ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிந்துகொடுப்பார். பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறீர்கள் என்றால், 80டிடிபி என்று இதுவரை சொல்லிவந்த மருத்துவச் செலவுக் கழிவில் மறதி நோயும் உண்டு. 40 சதவீத பாதிப்புக்கு நரம்பியல் டாக்டரின் சான்று வேண்டும். ஆடிட்டரைக் கேளுங்கள்.

ஹோம் என்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, அல்லது அப்பா அடிக்க ஆரம்பித்து ஆளும் நிற்கவில்லை என்றால், அதுதான் வழி. ஆனால் பல முதியோர் இல்லங்கள் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களைத்தான் எடுப்பார்கள், மறதி நோய் என்றதும் கையை விரிப்பார்கள். எடுக்கிறோம் என்கிற இடத்தைப் பார்க்கப் போனால் பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள், எல்லா இடமும் அப்போது அழகாகத்தான் இருக்கும். மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போங்கள். ராத்திரிக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அங்கே இருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள், கட்டிலில் ஆளைக் கட்டிப்போடும் துணிப்பட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். நகம் வெட்டாத இடத்தில் மற்றதும் நடக்காது. இது வார்டு ரவுண்ட்ஸில் எங்கள் மேட்ரன் பார்த்த பார்வை. முடிந்தால் முதலில் பத்து நாள் மட்டும் விட்டுப் பாருங்கள்.

ஆள் கிடைப்பதற்கு முன், அடுத்த மாதமே ஒன்று செய்யுங்கள். இரண்டு நாள் லீவு போட்டுக் கும்பகோணம் போய், அம்மாவை அவருடைய தங்கை வீட்டுக்கோ வேறு யார் வீட்டுக்கோ அனுப்பிவிட்டு அப்பாவோடு தனியாக இருங்கள். அம்மா பத்து முறை போன் செய்வார், ஐந்து முறை எடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா ஸ்கூலுக்குக் கிளம்பினால், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சார் என்று சொல்லிப் பாருங்கள், சில நேரம் எடுபடும். காலையில் நோட்டை எடுத்து நேரத்தோடு எழுதுங்கள். இந்த முறை தூங்கிய மணி நேரம் என்ற இடத்தில் உங்கள் கணக்கு. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, எந்த ஷிஃப்டுக்கு ஆள் என்று பேசத் தொடங்குங்கள்.